தலைமை எழுத்தாளர் மாறும்போது: ‘டாக்டர் ஹூ’ ரசிகர்களின் அச்சமும் அதற்குப்பின் நடந்தவையும்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்: “பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவரும் தொடரில் தலைமை எழுத்தாளர் மாறப்போகிறார். நடிகர் மாறினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். எழுதுகிறவர் மாறுவதுதான் கவலையாக இருக்கிறது. இந்தக் கவலையில் நியாயம் உண்டா? ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் இதைப் பலமுறை கடந்து வந்திருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன நேர்ந்தது?”

கவலை நியாயமானதுதான். நடிகர் மாறினால் முகம் மாறுகிறது. எழுதுகிறவர் மாறினால் அந்த உலகத்தின் மனசாட்சியே மாறுகிறது. எதற்குச் சிரிக்கலாம், யார் சாகலாம், எதை மன்னிக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிற ஆள் போய்விடுகிறார். ஆனால் ரசிகர்கள் பெரும்பாலும் பழைய குரல் போய்விடுமே என்று அஞ்சுகிறார்கள். அது போகத்தான் போகிறது. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: புதிதாக வருகிறவர் தமக்கென்று சொல்ல எதுவுமில்லாமல் பழைய குரலிலேயே பேசிப் பார்ப்பதற்கு. ‘டாக்டர் ஹூ’வின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற ஒருவர், நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவத்தில் டார்டிஸ் என்ற ஊர்தி, கூடவே வரும் தோழர்கள், அவ்வளவுதான் அடிப்படை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். 1966இல் முதல் நாயகனான வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, டாக்டர் சாகும் தறுவாயில் வேறோர் உடலுக்கு மாறுவார் என்று கதையிலேயே வழி செய்தார்கள். 1989இல் நின்ற தொடரை 2005இல் ரசல் டி டேவிஸ் மீண்டும் தொடங்கினார். ஆகவே உடல் மாறுவது இந்தத் தொடரின் ரசிகர்களுக்குப் பழகிய செய்தி. அவர்களே கூட எழுத்தாளர் மாறும்போது பதறுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தலைமை எழுத்தாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் புரியும். பழைய நாட்களில் ஸ்கிரிப்ட் எடிட்டர் என்ற பதவி இருந்தது. யார் எழுதுவது என்று தீர்மானிப்பதும், வந்த பிரதியைத் திருத்துவதும், தேவைப்பட்டால் முழுக்க மாற்றி எழுதுவதும் அவர் வேலை. 1976இல் ஒளிபரப்பான, டெரன்ஸ் டிக்ஸ் எழுதிக் கொடுத்த ஒரு கதையை ஸ்கிரிப்ட் எடிட்டர் ராபர்ட் ஹோம்ஸ் அடியோடு மாற்றிவிட, டிக்ஸ் தம் பெயரையே எடுத்துவிடச் சொன்னார். அது புனைபெயரில்தான் ஒளிபரப்பானது. இத்தனைக்கும் ஹோம்ஸுக்கு முன் அதே நாற்காலியில் ஐந்தாண்டுகள் இருந்தவர் டிக்ஸ். 2005க்குப் பிறகு அந்தப் பதவியின் அதிகாரம் இன்னும் பெருகியது. தலைமை எழுத்தாளரே நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். நடிகர் தேர்வு முதல் படத்தொகுப்பு வரை அவர் கண் படாமல் எதுவும் நகராது. மற்றவர்கள் கொடுத்த பிரதிகளைத் தாம் எவ்வளவு மாற்றி எழுதினார் என்பதை டேவிஸ் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். திரையில் வரும் பெயர் யாருடையதாக இருந்தாலும் சமையலின் கைமணம் அவருடையது. அவர் கைவைக்காமல் விட்டவை ஒரு சிலருடைய பிரதிகளே. பின்னாளில் டேவிஸின் இடத்துக்கே வந்த ஸ்டீவன் மோஃபட்டினுடையவையும் அவற்றில் உண்டு.

மோஃபட்டுக்கு வருவதற்கு முன் 1976இலேயே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஆண்டு ஹோம்ஸ் தாமே எழுதிய ‘தி டெட்லி அசாசின்’ ஒளிபரப்பானது. அதுவரை எட்டாத உயரத்தில் மர்மமாக இருந்த, டாக்டரின் இனத்தாரான டைம் லார்டுகளை, பதவிக்கும் சடங்குக்கும் அடித்துக்கொள்ளும் கிழட்டு அரசியல்வாதிகளாக அவர் காட்டினார். அதே ஆண்டு உருவான ரசிகர் சங்கத்தின் தலைவர், தொடரின் மாயமே தொலைந்துவிட்டது என்று தங்கள் இதழில் கொதித்து எழுதினார். அது தனிமனிதக் கோபம் மட்டுமில்லை. தொடரைப் பாதுகாக்க வேண்டியவரே அதை உடைத்துவிட்டார் என்ற ஏமாற்றம். இன்று அந்தக் கதை தொடரின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக வைக்கப்படுகிறது. டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்ற விதி அதிலிருந்து வந்தது. பிற்காலத்தில் ரசிகர்கள் அந்த விதியை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். 2013 கிறிஸ்துமஸ் கதையில் மோஃபட் அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கென்றே ஒரு வழி தேட வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை துரோகம் என்றதை அடுத்த தலைமுறை மரபு என்றது. இன்று நீங்கள் ‘இது நம் தொடரே இல்லை’ என்று சொல்வதற்கு முன் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

எல்லாக் கோபமும் காலத்தில் கரைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் நடந்தது இன்றும் வலிக்கிறது. பதினெட்டு மாத இடைநிறுத்தத்துக்குப் பிறகு, டாக்டரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் ‘தி டிரையல் ஆஃப் எ டைம் லார்டு’ பதினான்கு பகுதிகளாகத் தயாரானது. அதன் முடிவை எழுத வேண்டியிருந்த ராபர்ட் ஹோம்ஸ் அந்த மே மாதம் இறந்துபோனார். அப்போதைய ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்டு ஏற்கெனவே பதவி விலகியிருந்தார். ஹோம்ஸின் திட்டப்படி கடைசிப் பகுதியை அவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் முடிவைப் பற்றித் தயாரிப்பாளர் ஜான் நேத்தன்-டர்னருடன் மோதல் வந்து, தம் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிப் பேக்கர், ஜேன் பேக்கர் என்ற தம்பதியை அவசரமாக அழைத்தார்கள். காப்புரிமைச் சிக்கல் காரணமாக, சாவர்டின் பிரதியில் என்ன இருந்தது என்று அவர்களிடம் சொல்லவே கூடாது. சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பேச்சின்போது ஒரு வழக்கறிஞரும் உடனிருந்தார். பதின்மூன்று பகுதிகளாகக் கட்டிவந்த வழக்குக்கு, எதை நோக்கிக் கட்டினார்கள் என்றே தெரியாமல் இருவர் தீர்ப்பு எழுதினார்கள். கைமாற்றம் என்பதே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. எழுதத் தெரியாதவர்கள் எழுதியதால் வந்த கேடாக அதை நான் எண்ணவில்லை. விட்டுப்போனவருக்கும் தொட்டெடுத்தவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கூடப் பரிமாறப்படவில்லை.

அந்த டிசம்பரில் பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் ரசிகர்கள் சிலர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பதினாறு வயதுப் பையன், கதை சலிப்பூட்டுகிறது, புதுமை இல்லை என்று பேக்கர் தம்பதியின் காதுபடவே குறை சொன்னான். அவன் பெயர் கிறிஸ் சிப்னால். 2016 ஜனவரியில் ‘டாக்டர் ஹூ’வின் அடுத்த தலைமை எழுத்தாளர் என்று பிபிசி அறிவித்தது அவரைத்தான். அவருக்கு முன்பிருந்த டேவிஸும் மோஃபட்டும் கூடச் சிறுவயதிலிருந்தே இதன் ரசிகர்கள். தொடர் நின்றுபோயிருந்த 1990களில் அதன் நாவல்களில் ஒன்றை எழுதியவர் டேவிஸ். 1999இல் அறக்கொடை நிகழ்ச்சி ஒன்றுக்காக அதன் நகைச்சுவைக் குறும்படத்தை எழுதியவர் மோஃபட். கவலைப்படுகிற ரசிகரும் அந்தக் கவலைக்குக் காரணமாகிற எழுத்தாளரும் இங்கே வேறு வேறு இனம் இல்லை.

இனி மோஃபட். டேவிஸ் விலகுகிறார், மோஃபட் வருகிறார் என்று 2008 மே மாதம் அறிவித்தார்கள். முதலில் மகிழ்ச்சி. காரணம், டேவிஸ் காலத்தில் மோஃபட் ஆண்டுக்கு ஒரு கதை எழுதினார். அவற்றில் முதல் மூன்றும் அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கான ஹூகோ விருது பெற்றன. டாக்டரே அதிகம் வராத ‘பிளிங்க்’ அவற்றில் ஒன்று. கண் இமைத்தால் நகரும் கற்சிலைகளை அதற்குப் பிறகு யார் மறந்தார்கள்? மகிழ்ச்சிக்குப் பின்னாலேயே சந்தேகமும் வந்தது. ஆண்டுக்கு ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி எழுதுகிறவர் பதின்மூன்றைத் தாங்குவாரா? பயமுறுத்தத் தெரிந்தவருக்குச் சமையலறையில் நடக்கும் குடும்பச் சண்டையை எழுத வருமா? டேவிஸின் உலகில் டாக்டரின் தோழிக்கு ஓர் அம்மா இருப்பார், அந்த அம்மா டாக்டரைக் கன்னத்தில் அறைவார். அந்தச் சூடு போய்விடுமே என்ற பயம்.

பயத்தை இன்னும் கூட்டும்படி எல்லாமே ஒரே நேரத்தில் மாறின. ரசிகர்கள் உயிரையே வைத்திருந்த டேவிட் டென்னன்ட் விலகினார். அவர் இடத்துக்கு வந்த மேட் ஸ்மித்துக்கு அறிவிப்பு வந்தபோது வயது இருபத்தாறு. அதுவரை அவ்வளவு இளம் டாக்டர் வந்ததில்லை. தயாரிப்பாளர்கள் மாறினார்கள், டார்டிஸின் உள்ளறை மாறியது, முத்திரை மாறியது. 2010 புத்தாண்டு நாளில் டென்னன்டின் டாக்டர் போக மனமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உருமாறினார். விடைபெறும் எழுத்தாளர், பார்க்கிறவர் கண்ணீரை அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

2010 ஏப்ரல் 3 அன்று வந்த ‘தி இலெவன்த் அவர்’ அத்தியாயத்தை, ஒரு கைமாற்றத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இலக்கணமாகவே நான் கொள்கிறேன். எப்படித் தொடங்குகிறது பாருங்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அமீலியா என்ற சிறுமி. அவள் அறைச் சுவரில் ஒரு விரிசல். தோட்டத்தில் வந்து விழும் நீலப்பெட்டி. கிழிந்த உடையோடு, அதுவும் முந்தைய டாக்டரின் உடையோடு, புதியவர் ஏறி வருகிறார். தமக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆப்பிள், தயிர், பன்றியிறைச்சி, அவரை, வெண்ணெய் தடவிய ரொட்டி என்று அவள் தருகிற ஒவ்வொன்றையும் துப்புகிறார் அல்லது தூக்கி எறிகிறார். கடைசியில் மீன் துண்டுகளைக் கஸ்டர்டில் தோய்த்துச் சாப்பிடுகிறார். பிறகு “ஐந்து நிமிடத்தில் வருகிறேன்” என்று சொல்லிப் போகிறார். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வரும்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இளம்பெண்ணாகிவிட்ட ஏமி அவரைக் கிரிக்கெட் மட்டையால் அடித்து வீழ்த்துகிறாள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள், அந்த வாரம் அங்கே உட்கார்ந்திருந்த பார்வையாளரின் மனநிலை இதுதானே? நேசித்தவர் போய்விட்டார், வேறு முகத்தோடு ஒருவர் வந்து ‘நான்தான் அவர்’ என்கிறார், நம்புவதா? மோஃபட் அந்த அவநம்பிக்கையை ஒளிக்கவில்லை, அதையே கதாநாயகியாக்கிவிட்டார். ஏமிக்கு வந்த கோபம் நமக்கு வந்த கோபம். உலகைக் காப்பாற்ற இருபது நிமிடம்தான் இருக்கிறது, டார்டிஸ் இல்லை, கையில் வழக்கமான கருவியும் இல்லை. இருபது நிமிடம் மட்டும் என்னை நம்பு என்று அவளிடம் டாக்டர் கேட்கும்போது, எழுத்தாளர் நம்மிடமே கேட்கிறார். இறுதியில் மருத்துவமனைக் கூரையில், இந்த உலகைப் பாதுகாத்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பழைய பத்து டாக்டர்களின் முகங்களும் வரிசையாக வருகின்றன. பத்தாவதாக டென்னன்டின் முகம். அதைக் கிழித்துக்கொண்டு மேட் ஸ்மித் முன்னால் வருகிறார். அந்தக் கணத்துக்குச் சற்று முன்புதான், மருத்துவமனையில் கிடைத்த உடைகளிலிருந்து தமக்கென ஒன்றைத் தேர்ந்து மாற்றிக்கொள்கிறார். பழையவரின் சட்டையைக் கழற்றிய பிறகே அவர் டாக்டர் என்று தம்மை அறிவிக்கிறார்.

இதில் டேவிஸைப் போல எழுதும் முயற்சி ஒரு வரியிலும் இல்லை. சமையலறை அம்மா இல்லை, குடியிருப்பு மாடி இல்லை. தேவதைக் கதையின் மொழி, காலத்தை முடிச்சுப் போடும் விளையாட்டு, குழந்தைகளின் இருட்டறைப் பயம் என்று எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. ஆனால் முந்தையவரை மதிக்கும் நன்றியும் அதே அளவு இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2005 முதல் இசையமைத்த மரே கோல்டை அவர் மாற்றவில்லை. கண்ணுக்கு எல்லாம் புதிதாக இருந்தபோது காதுக்குப் பழைய வீடு இருந்தது. ரசிகர்கள் அதைப் பெரிதாகப் பேசவில்லை, ஆனாலும் அந்த முதல் ஆண்டை இசைதான் தாங்கிப் பிடித்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மோஃபட்டும் தவறினார். டாக்டரின் பழம்பெரும் எதிரிகளான டாலெக்குகளை மூன்றாம் வாரத்திலேயே பெரிய உருவத்தில், பளிச்சென்ற பல வண்ணங்களில் புதிதாக அறிமுகம் செய்தார்கள், ரசிகர்கள் வெறுத்தார்கள், ஓரிரு ஆண்டுகளில் பழைய வெண்கல நிற டாலெக்குகளே சத்தமில்லாமல் திரும்பின. 2011இல் கதைமுடிச்சுகள் கூடிக் கூடி, வாராவாரம் குறிப்பெடுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் குறையை நானும் ஏற்கிறேன். ஆனால் அது ஒருவர் தம் பலத்தை அளவுக்கு மீறி நம்பியதால் வந்த குறை. அப்படிப்பட்ட குறையை ஒரு தொடர் தாங்கும்.

தாங்க முடியாதது எது என்பதற்கு வேறொரு தொடரைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ‘கம்யூனிட்டி’யை உருவாக்கிய டேன் ஹார்மனை 2012இல் மூன்றாம் சீசன் முடிந்ததும் நீக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்த டேவிட் குவாராசியோ, மோசஸ் போர்ட் இருவரும் திறமையற்றவர்கள் இல்லை. ஆனால் அந்த நான்காம் சீசனைப் பார்த்தால் ஹார்மன் செய்திருக்கக்கூடியதைச் செய்து காட்டும் பணிவு ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. மற்ற படங்களைப் போலச் செய்யும் அத்தியாயம் வேண்டுமா, இருக்கிறது. ஏபெட் என்ற திரைப்படப் பித்தன் மேற்கோளாகவே பேச வேண்டுமா, பேசுகிறான். எல்லாம் இருந்தும் எதற்காக என்ற கேள்விக்கு விடை இல்லை. ஹார்மன் ஐந்தாம் சீசனுக்குத் திரும்பியபோது, அந்த ஓராண்டைக் கல்லூரியில் எரிவாயு கசிந்த ஆண்டு என்று கதைமாந்தர்கள் வாயாலேயே ஒதுக்கிவிட்டார்.

அமெரிக்க அரசியல் தொடர் ‘தி வெஸ்ட் விங்’ இன்னொரு வகை. ஆரன் சார்க்கின் முதல் நான்கு சீசன்களில் ஏறத்தாழ எல்லா அத்தியாயங்களிலும் கைவைத்து எழுதியவர். 2003இல் விலகும்போது குடியரசுத் தலைவரின் மகளைக் கடத்தவைத்து, தலைவரைப் பதவியிலிருந்து ஒதுங்கவைத்து, எதிர்க்கட்சிக்காரரான அவைத்தலைவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜான் வெல்ஸ் அந்தச் சிக்கலை அவிழ்ப்பதிலேயே ஐந்தாம் சீசனின் மூச்சைச் செலவிட்டார். உரையாடலில் சார்க்கினின் தாளம் வரவில்லை. வரவழைக்கப் பார்த்தபோதெல்லாம் செயற்கையாக இருந்தது. ஆறாம், ஏழாம் சீசன்களில் வெள்ளை மாளிகையை விட்டு வெளியே வந்து, சான்டோஸ், வினிக் என்ற இரு வேட்பாளர்களின் தேர்தல் பயணத்தைக் கையில் எடுத்ததும்தான் தொடர் மீண்டும் நிமிர்ந்தது. அது சார்க்கின் எழுதாத உலகம். ஆகவே அங்கே ஒப்பிட எதுவுமில்லை.

சிப்னாலின் காலத்தை எந்த வகையில் சேர்ப்பது? இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசிய பலரும் நிதானமாகப் பேசவில்லை. ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டர் என்று 2017 ஜூலையில் அறிவிப்பு வந்ததும், ஒரு பகுதி ரசிகர்களின் கவலை முழுவதும் அங்கேயே போய் நின்றது. மோஃபட் காலத்திலேயே மாஸ்டர் என்ற பகைவர் மிஸ்ஸி என்ற பெண்ணாக வந்தாயிற்று. 2015இல் ஒரு டைம் லார்டு தளபதி நம் கண்முன்னே ஆணிலிருந்து பெண்ணாக மாறியாயிற்று. கதைக்குள் தடையே இல்லை. விட்டேக்கரின் முதல் அத்தியாயத்தைப் பிரிட்டனில் ஏறத்தாழ ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். டேவிஸின் முதல் அத்தியாயமும் மோஃபட்டின் முதல் அத்தியாயமும் கூடத் தலா ஒரு கோடியைத் தாண்டியவை. என்னதான் அஞ்சினாலும் புதியவருக்கு முதல் நாள் எல்லாரும் வாய்ப்புக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பிறகு தங்குவது வேறு விஷயம்.

சிப்னால் முதலாண்டில் துணிந்தார். அந்த ஆண்டுக்கு அவர் அழைத்த மற்ற எழுத்தாளர்கள் எல்லாரும் தொடருக்குப் புதியவர்கள். பத்து அத்தியாயங்களிலும் டாலெக் உட்பட எந்தப் பழைய எதிரியும் இல்லை. ஒளிபரப்பு நாளான சனிக்கிழமை ஞாயிறாயிற்று, கோல்ட் போய் சேகுன் அகினோலா இசைக்கு வந்தார். கிறிஸ்துமஸ் கதையில் தொடங்க சிப்னால் விரும்பாததால், அந்த நாள் தொடரின் கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று மோஃபட் தம் விடைபெறலைத் தள்ளிவைத்து 2017க்கு இன்னொரு கதை எழுதிக் கொடுத்தார். போகிறவர் வருகிறவருக்காகச் செய்த அந்த உதவி என்னை நெகிழவைத்தது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே கிறிஸ்துமஸ் கதை புத்தாண்டுக்கு நகர்ந்துவிட்டது.

சிப்னாலின் பலவீனம் வசனத்தில் இருந்தது. கண்ணால் பார்த்ததையே மாந்தர்கள் வாயால் விளக்கினார்கள். மூன்று தோழர்களுக்கும் வரி பங்கிட்டுக் கொடுத்ததில் யாருக்கும் ஆழம் கிடைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் பழைய எதிரிகளான மாஸ்டரும் சைபர்மேன்களும் திரும்பினார்கள். 2020 மார்ச் 1 அன்று ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ வந்தது: டாக்டர் டைம் லார்டுகளிடையே பிறந்தவரே இல்லை, எங்கிருந்தோ வந்த குழந்தை, உருமாறும் ஆற்றலையே அவர்கள் அந்தக் குழந்தையிடமிருந்துதான் எடுத்தார்கள், ஹார்ட்னெலுக்கு முன்பும் மறந்துபோன வாழ்வுகள் உண்டு என்று. ஹோம்ஸ் மாற்றி எழுதினாரே, டிக்ஸின் பெயர் நீங்கிய அந்தக் கதையில் சில நொடிகள் வந்துபோன அறியாத முகங்களுக்கு இதில் விளக்கம் கிடைத்தது. ரசிகர்களில் பெரும்பகுதி கொந்தளித்தது. அறுபதாண்டு மரபை ஒருவர் அழித்துவிட்டார், அடுத்து வருகிறவர் இதை அழிக்க வேண்டும் என்றார்கள்.

2021 செப்டம்பரில் டேவிஸ் திரும்புகிறார் என்று அறிவிப்பு வந்ததும், அந்த அழித்தலைச் செய்யத்தான் வருகிறார் என்று பலர் நம்பினார்கள். அவர் செய்ததோ வேறு. 2023 டிசம்பர் 2 அன்று வந்த ‘வைல்டு ப்ளூ யாண்டர்’ கதையில், தாம் எங்கிருந்து வந்தோம் என்றே தெரியாத துயரத்தை டாக்டர் வாயால் சொல்லவைத்தார். அந்தக் கிறிஸ்துமஸில், தேவாலய வாசலில் கைவிடப்பட்டு வளர்ந்த ரூபி சண்டேயிடம் ஷூட்டி கட்வாவின் டாக்டர் தாமும் எடுத்து வளர்க்கப்பட்ட குழந்தைதான் என்கிறார். நான்காண்டுகள் வெறும் தகவலாகக் கிடந்த ஒன்று, இரண்டு அநாதைகளின் நட்பாக உயிர்பெற்றது. சிப்னால் விதைத்ததை டேவிஸ் பிடுங்கி எறியாமல் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தபோது அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. முந்தையவரின் வேலையை வேலையாக மதிப்பவருக்கே இது கைவரும்.

பழையவரே திரும்பினால் பழைய காலமும் திரும்பும் என்ற நம்பிக்கை மட்டும் பலிக்கவில்லை. ஆண்டுக்குப் பதின்மூன்றாக இருந்த அத்தியாயங்கள் எட்டாகச் சுருங்கியிருந்தன. மாந்தர்கள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார நேரம் வேண்டும். எட்டில் அது கிடைக்கவில்லை. ரூபியின் தாய் யார் என்ற மர்மத்தை ஓர் ஆண்டு முழுக்க ஊதிவிட்டு, 2024 ஜூனில் அவர் ஒரு சாதாரணப் பெண் என்று முடித்தபோது ஏமாற்றமடைந்தவர்கள் நிறைய. அந்த விடையை நான் விரும்புகிறேன், கேள்வியை ஊதிய விதத்தை விரும்பவில்லை.

உங்கள் தொடருக்கு வருகிறேன். புதியவரின் பெயரைக் கேட்டதும் அவர் எழுதிய மிகச் சிறந்த ஓர் அத்தியாயத்தைத் தேடி அளவிடாதீர்கள். ஒன்றை எழுதுவதும் ஓர் ஆண்டைச் சுமப்பதும் இரு வேறு திறன்கள். அறிவிப்புக்கும் முதல் படப்பிடிப்புக்கும் இடையில் எவ்வளவு காலம் இருக்கிறது, போகிறவர் சொல்லிவிட்டுப் போகிறாரா அல்லது நீக்கப்படுகிறாரா, கதையை எந்த நிலையில் விட்டுப்போகிறார் என்று பாருங்கள். இந்த மூன்றும் பேட்டிகளைவிட அதிகம் சொல்லும். முதல் அத்தியாயத்தில் பழையவரின் வாசகங்கள் திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்படத் தொடங்கலாம். பிடிக்காத புதுமை இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

முதல் அத்தியாயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்; அதை எல்லாரும் உயிரைக் கொடுத்துத்தான் எழுதுவார்கள். தலைமை எழுத்தாளர் தம் பெயர் போடாத அத்தியாயம் வரும்வரை காத்திருங்கள். மற்றவரிடமிருந்து எதை வெளியே கொண்டுவருகிறார் என்பதில்தான் அந்தப் பதவியின் தரம் தெரியும். மோஃபட்டின் முதலாண்டில் ரிச்சர்ட் கர்டிஸ் எழுதிய ‘வின்சென்ட் அண்ட் தி டாக்டர்’ அப்படி வந்தது. வான்காவைத் தற்காலத்து அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் முன்னேயே கொண்டுவந்து நிறுத்தும் காட்சியைப் பார்த்து அழாதவர் குறைவு. சிப்னாலின் முதலாண்டில், அவரைத் திட்டித் தீர்த்தவர்கள்கூட மறுக்க முடியாதபடி, வினய் படேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ வந்தது. 1947 ஆகஸ்ட், எல்லைக்கோடு விழப்போகும் ஒரு வயல், இந்துவான பிரேமுக்கும் முஸ்லிமான உம்ப்ரீனுக்கும் கல்யாணம். அரக்கர்கள் என்று நாம் நினைத்த வேற்றுலகத்தார் தனியாகச் சாகிறவர்களுக்குத் துணை நிற்க வந்தவர்கள். கொலை செய்வது பிரேமின் சொந்தத் தம்பியோடு வந்த கூட்டம். டாக்டரால் எதையும் மாற்ற முடியவில்லை. இறுதியில் தொடரின் தலைப்பு இசையே இந்தியக் குரலில் ஒலிக்கிறது. பிபிசியின் முதன்மையான குடும்பத் தொடரில் பிரிவினையை இப்படிச் சொல்ல இடம் கொடுத்தவர் சிப்னால்தான். உங்கள் தொடரில் அப்படி ஓர் அத்தியாயம் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரலாம். அதுவரையாவது பார்த்துவிட்டு, தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.